கட்டுச்சோறு

மணற்றுறையில் ஆற்றை ஒட்டி ஒரு மடம் இருந்தது. மடம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கூரை, ஒரு அடுப்பு, ஒரு முருங்கை மரம், அவ்வளவுதான். அங்கே உலகம்மை என்ற ஞானி இருந்தாள்.

அவளுக்கு ஒரே ஒரு சீடர், வைரவன். சீடருக்கு அறுபது வயது. குருவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. அதே ஊர்ச் சந்தையில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர் வைரவன். மனைவி போனபின் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு மடத்துக்கு வந்துவிட்டார். ஊர் அவரை அண்ணாச்சி என்றது. குருவும் அப்படித்தான் கூப்பிட்டாள்.

காலையில் குளித்ததும் அவர் கரையில் நின்று எதிர்க்கரையைப் பார்ப்பார். தென்னைகளுக்கு மேலே அடுப்புப் புகை எழும். அந்த ஊரில்தான் அவர் மகள் வடிவைக் கட்டிக்கொடுத்திருந்தார். எது மகள் வீட்டுப் புகை என்று அவருக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் ஏதாவது ஒன்றைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

வடிவு உண்டாகியிருந்தாள். தலைப்பிள்ளை. தை மாதம் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போய், சம்பந்தி வீட்டில் எல்லோருக்கும் பரிமாறி, மகளைப் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். புளிச்சோறு, எள்ளுச்சோறு, தேங்காய்ச்சோறு, தயிர்ச்சோறு. தாயில்லாத பெண் என்பதால் எல்லாவற்றையும் இரண்டு பங்காகச் செய்வது என்று வைரவன் நினைத்திருந்தார்.

ஐப்பசியில் ஆறு கரைபுரண்டு ஓடும்போது அரண்மனை முரசு வந்தது. எதிர்க்கரை நாட்டின்மேல் போர். தையில் தண்ணீர் வற்றியதும் படை ஆற்றைக் கடக்கும். அதுவரை ஓடம் ஓடக் கூடாது. படைச் செலவுக்காகச் சந்தையில் விற்கிற ஒவ்வொரு பொருளுக்கும் போர்ச் சுங்கம் உண்டு.

எதற்காகப் போர் என்று முரசறைந்தவனைக் கேட்டார்கள். அவன் முரசை இன்னொரு தடவை அறைந்துவிட்டுப் போய்விட்டான்.

வைரவன் மடத்துக்கு ஓடினார். ஆற்றைக் கடந்ததும் முதல் ஊர் மகள் ஊர்.

"அம்மா, இந்தப் போரை நிறுத்த ஒரு வழியும் கெடையாதா?"

உலகம்மை விளக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தாள்.

"விளக்குக்கு எண்ணெய் இல்ல. சந்தைக்குப் போயி வாங்கிட்டு வாங்க, சொல்லுதேன்."

போனார். வாங்கினார். வந்தார்.

"சுங்கம் கேட்டானா?"

"கேட்டான். குடுத்தேன்."

"எதுக்காம்?"

"போருக்குத்தான்."

"நீங்க குடுத்ததுல ராஜா பங்கு எவ்வளவு அண்ணாச்சி?"

"அவரு எங்க குடுத்தாரு? நான்தான் குடுத்தேன்."

உலகம்மை எண்ணெய்க் கலயத்தை வாங்கி உறியில் தொங்கவிட்டாள். விளக்கில் ஊற்றவில்லை. அன்று மாலை மடத்தில் விளக்கு எரியவில்லை. வைரவன் உறியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் அவர் ஊருக்குள் போனார். கடை வைத்துப் பழகிய வாய். ஒரு பொருளை வாங்க வைக்கத் தெரிந்தவருக்கு வாங்காமல் இருக்க வைக்கவும் தெரியும் அல்லவா? வீடு வீடாக ஏறி இறங்கினார்.

"நாம வாங்குத ஒவ்வொரு உப்புக்கல்லுக்கும் அங்க ஒரு அம்பு செய்யுதாங்க. கார்த்திகை முதல் தேதியிலருந்து சந்தையில எதையும் வாங்கக் கூடாது. காசு போகாட்டா படையும் போகாது."

ஊர் கேட்டது. எதிர்க்கரையில் பெண் கொடுக்காத வீடோ பெண் எடுக்காத வீடோ மணற்றுறையில் கிடையாது. கிழவர்களிலிருந்து புதுமருமகள்கள் வரை தலையாட்டினார்கள். கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தார்கள். கார்த்திகை பிறந்தால் ஒரு துரும்புகூட வாங்குவதில்லை.

வைரவன் பூரித்துப்போனார்.

ஐப்பசி மாதத்துக் கடைசிச் சந்தை கூடியது. மணற்றுறைக்காரர்கள் எவ்வளவு நல்லவர்களோ அவ்வளவு முன்யோசனைக்காரர்கள். நாளை முதல் வாங்கக் கூடாது என்றால் இன்றைக்கே வாங்கி வைத்துவிட வேண்டியதுதானே! எள் போட்டால் எள் விழாத கூட்டம். அரிசி மூட்டை மூட்டையாகப் போனது. உப்பு, புளி, மிளகாய், எண்ணெய், அடுத்த தீபாவளிக்குச் சேலை, இன்னும் பிறக்காத பிள்ளைக்கு அரைஞாண். தேவையில்லாத ஒருத்தி இரண்டு உரல் வாங்கினாள். ஏன் இரண்டு என்று கேட்டதற்கு, பிறகு வாங்க முடியாதே என்றாள்.

வைரவனும் வாங்கினார். தை மாதக் கட்டுச்சோற்றுக்குச் சம்பா அரிசி, புதுப் புளி, நல்லெண்ணெய், எள்ளு, வெல்லம். மகளுக்கல்லவா? இரண்டு பங்காகவே வாங்கி, தம்பி வீட்டுப் பரணில் ஏற்றி வைத்தார்.

கார்த்திகை பிறந்தது. காலையில் மடத்து வாசலில் தாரை தப்பட்டை சத்தம் கேட்டது. சுங்கக்காரர் அனந்தப்பர் தாம்பாளத்தோடு வந்து நின்றார். வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, மேலே ஒரு ரோஜா மாலை.

"அண்ணாச்சி, உங்களத்தான் தேடி வந்தேன்."

"என்னையா? எதுக்கு?"

"என்ன அண்ணாச்சி இப்படிக் கேட்டுட்டிய? இருவது வருசமா சுங்கம் வசூலிக்கேன். நேத்து மாதிரி ஒரு வசூல் பாத்ததில்ல. எல்லாம் நீங்க ஊருக்குள்ள போயிச் சொன்னதாலயாமே! ராத்திரியே சேதி கேட்டு ராஜாவுக்குத் தலை கால் புரியல. ஒரு சந்தையிலயே இவ்வளவுன்னா தைக்குள்ள எவ்வளவு சேருமின்னு கணக்குப் போட்டு, குதிரைப்படையை ரெட்டிப்பாக்கச் சொல்லிட்டாரு. வெளிநாட்டுலருந்து கூலிக்கு ஆள் வருது."

அனந்தப்பர் கிண்டலுக்குச் சொல்லவில்லை. மனதார நன்றி சொல்ல வந்திருந்தார். மாலையை வைரவன் கழுத்தில் போட்டார். வாயெல்லாம் பல்லாகக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

வைரவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. மாலையைக் கழற்றக்கூடத் தோன்றாமல் குருவின் முன்னால் போய் விழுந்தார்.

"அம்மா, ஊரையே கூட்டிப் போருக்குச் சீர் அனுப்பிட்டேன்."

உலகம்மை தாம்பாளத்திலிருந்து ஒரு பழத்தை எடுத்து உரித்தாள்.

"நீங்களும் வாங்கினியளா?"

தலை குனிந்தது. "கட்டுச்சோத்துக்குச் சாமான்."

"நல்ல அரிசியா?"

"சம்பா."

"பழமும் நல்ல பழந்தான்" என்று அவள் தின்றாள். "ஊர்ல எல்லார் வீட்டுலயும் சாமான் இருக்குல்லா?"

"கூரை முட்ட இருக்கு."

"இருக்கதைத் தின்னுங்க."

"தீந்துபோனா?"

"தீந்தவன் இருக்கவன் வீட்டுக் கதவைத் தட்டட்டும்."

"அங்க குதிரை ரெட்டிப்பாயிட்டே அம்மா! நான் வாங்கிக் குடுத்த குதிரை!"

"குதிரை நாளைக்கும் தின்னும் அண்ணாச்சி" என்றாள் உலகம்மை. "அந்த மாலையைக் கழத்தி மாட்டுக்குப் போடுங்க."

வைரவன் மறுபடி ஊருக்குள் போனார். இந்த முறை பேச்சில் அவ்வளவு வீரம் இல்லை. அனந்தப்பர் மாலை போட்ட கதையைத் தானே சொன்னார். முதலில் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் ஒவ்வொருவராகத் தங்கள் வீட்டு மூட்டையைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. இனிமேல் உண்மையாகவே வாங்குவதில்லை என்றார்கள். இந்தத் தடவை கற்பூரம் அடிக்கவில்லை.

கார்த்திகை முழுக்கச் சந்தை காற்று வாங்கியது.

ஒரு வீட்டில் உப்பு தீர்ந்தது. பக்கத்து வீட்டில் மிளகாய் தீர்ந்தது. கிண்ணங்கள் வேலிக்கு மேலே போய் வந்தன. வருஷக்கணக்காகப் பேசாமலிருந்த இரண்டு ஓரகத்திகள் புளிக்காகப் பேசிக்கொண்டார்கள். கத்தரிக்காய் போடுகிறவன் கத்தரிக்காயைக் கொடுத்தான். அவன் வீட்டுக்கு யாராவது அரிசி கொண்டுபோய் வைத்தார்கள். உரல் இரண்டு வாங்கியவள் ஒன்றை உரல் இல்லாதவளுக்குக் கொடுத்துவிட்டு, அதற்காகத்தான் வாங்கியதாகச் சொல்லிக்கொண்டாள்.

சுங்கச் சாவடியில் அனந்தப்பர் ஈ ஓட்டினார். அரண்மனைக்கு ஆள் அனுப்பினார். அரண்மனையிலிருந்து முரசு வந்தது. எல்லோரும் கட்டாயம் சந்தைக்கு வர வேண்டும்.

எல்லோரும் வந்தார்கள்.

"என்ன விலை கத்தரிக்கா?"

கத்தரிக்காய்க்காரன் சொன்னான்.

"இவ்வளவு முத்தலா இருக்கே!"

"இதா முத்தல்? பிஞ்சு, ஆத்தா."

"பாதி விலைக்குத் தா."

"எடுத்துக்கோ."

"பாதிக்கே தாரேன்னா அதுல பாதிக்குத் தா."

"எடுத்துக்கோ."

"ஐய, இவ்வளவு மலிவாக் குடுத்தா உள்ள சொத்தையாத்தான் இருக்கும். எனக்கு வேண்டாம்."

இப்படியே பொழுது சாயும்வரை பேரம் நடந்தது. ஒரு காய் விலைபோகவில்லை. சாயங்காலம் கத்தரிக்காய்க்காரன் கூடையைத் தலைகீழாகக் கவிழ்த்து, "சும்மா கொண்டு போங்க" என்றான். சும்மா கொடுத்ததற்குச் சுங்கம் உண்டா என்று அனந்தப்பர் உத்தரவை எடுத்து முன்னும் பின்னும் பார்த்தார். இல்லை.

வீடு புகுந்து பறிக்கலாமா என்று அரண்மனையில் யோசித்தார்களாம். ஊர்க்காவலர்கள் எல்லோரும் மணற்றுறைக்காரர்கள். ஒவ்வொருவனும் அவனவன் அம்மா வீட்டிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். யோசனையை அப்படியே விட்டுவிட்டார்கள்.

மார்கழியும் பாதிக்கு மேல் போனது. ஆறு மெலிந்து, நடுவில் மணல்திட்டு தெரிந்தது. வைரவனுக்குத் தினமும் காலையில் அந்தத் திட்டைப் பார்க்கப் பயமாக இருந்தது. திட்டு வளர வளரப் படைக்கு வழி வளர்ந்தது. எதிர்க்கரைப் புகையைப் பார்ப்பதைக்கூடக் குறைத்துக்கொண்டார்.

ஒரு நாள் நண்பகலில் மடத்து முருங்கையடியில் ஒரு குதிரை வந்து நின்றது. விலா எலும்பை எண்ணிவிடலாம். அதைப் பிடித்துக்கொண்டு நின்றவனின் கன்னமும் ஒட்டியிருந்தது. இடுப்பில் வாள் மட்டும் பளபளவென்று இருந்தது.

"கஞ்சி கெடைக்குமா தாயே? வந்ததுலருந்து சம்பளம் இல்லை. பாசறையில அடுப்பு எரிஞ்சு நாலு நாளாச்சு."

உலகம்மை வைரவனைப் பார்த்தாள். வைரவன் சட்டியை இறக்கி அகப்பையை எடுத்தார்.

"எந்த ஊருப்பா நீ?"

"கடற்கரைப் பக்கம் ஐயா. கூலிக்கு வந்தவன்."

"படை எங்க போவுது?"

"அந்தக் கரைக்கு. ஆத்தைக் கடந்ததும் முதல் ஊரைக் கொளுத்தணும்னு உத்தரவு."

அகப்பை அப்படியே நின்றது.

குதிரைக்காரன் இரண்டு கையையும் குவித்து நீட்டிக்கொண்டிருந்தான். வைரவன் அந்தக் கைகளையே பார்த்தார். தீப்பந்தம் பிடிக்கப் போகிற கைகள்.

"கஞ்சி ஆறுது அண்ணாச்சி" என்றாள் உலகம்மை.

ஊற்றினார். பல்லைக் கடித்துக்கொண்டு ஊற்றினார். அவன் குடிக்கிற சத்தம் தாங்காமல் குருவிடம் திரும்பினார்.

"அம்மா, ஊரே வாயைக் கட்டி வயித்தைக் கட்டி இவனைப் பட்டினி போட்டோம். இப்ப நானே ஊத்தணுமா? தெம்பு வந்து எம் மகளைப் போயிக் கொளுத்தட்டுமின்னா? பொறவு எதுக்கு அம்மா இவ்வளவு பாடும்?"

உலகம்மை குதிரைக்காரனிடம் கேட்டாள்.

"குடிச்சிட்டு எங்கப்பா போவ?"

"எங்க போக? பாசறைக்குத்தான்."

"அங்கதான் சம்பளமும் இல்ல, சோறும் இல்லங்கியே."

"ஊருக்குப் போகலாம். அம்மா இருக்கா. ஆனா நாள்கணக்கா நடக்கணும் தாயே. வழிக்குச் சோறில்லாம எப்படிப் போக? எங்கள்ல பாதிப்பேரு அதனாலதான் இங்கயே கெடக்கோம்."

உலகம்மை வைரவன் பக்கம் திரும்பினாள்.

"அண்ணாச்சி, வழிக்குக் கட்டுச்சோறு கட்ட உங்க ஊர்ல யாருக்காவது தெரியுமா?"

வைரவன் அகப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார்.

தம்பி வீட்டுப் பரணில் ஏறியபோது அவருக்கு அழுகை வந்துவிட்டது. சம்பா மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிறிது நேரம் உட்கார்ந்திருந்தார். இது மகளை அழைத்து வர வைத்திருந்த அரிசி. பிறகு மூட்டையைக் கீழே தள்ளினார்.

"என்ன அண்ணே, இப்பவே உலை வைக்கப் போறியளா? ஓடமே இல்லையே!" என்றான் தம்பி.

"வடிவுக்குத்தான் வைக்கேன்" என்றார் வைரவன். "நீ அடுப்பை மூட்டு."

புளிக்காய்ச்சல் கொதிக்கிற வாசனை தெருவுக்குப் போனது. தெரு எட்டிப் பார்த்தது, விஷயத்தைக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மூலைக்கு மூலை புளி கொதித்தது. ஐப்பசிச் சந்தையில் அடித்துப் பிடித்து வாங்கியதெல்லாம் பரணிலிருந்து இறங்கியது. வாழையிலை வாட்டிச் சோற்றைப் பொதிந்தார்கள். பாசறைக்குச் சேதி போனது. ஒருவர் இருவராக வந்தார்கள். பிறகு கூட்டமாக வந்தார்கள். பொட்டலத்தை வாங்கி மோந்து பார்த்தபோது சிலர் கண் கலங்கியது. குதிரைகளைச் சாவடியில் கட்டிவிட்டு, கும்பிட்டு, அவரவர் ஊரைப் பார்த்து நடந்தார்கள். அந்தக் கடற்கரைக்காரன் தன் வாளை வைரவனிடம் நீட்டினான்.

"இதை வெச்சுக்கோங்க ஐயா. வேற குடுக்க ஒண்ணுமில்லை."

"விக்கிறதுமில்ல, வாங்குறதுமில்லப்பா. கொண்டு போ. ஊர்ல தேங்கா வெட்ட ஆவும்."

தை பிறந்தது. ஆறு முழங்கால் அளவுக்கு வற்றியது. கடப்பதற்குப் படை இல்லை. அரண்மனை முரசு கடைசியாக ஒரு முறை வந்தது. கிரகநிலை சரியில்லை என்று ஜோசியர்கள் சொல்வதால் போர் கைவிடப்பட்டது. போர்ச் சுங்கம் கிடையாது. ஓடம் ஓடலாம்.

ஜோசியர்களை ஊர் வாயார வாழ்த்தியது. சிரித்துச் சிரித்துச் சிலருக்கு வயிறு வலித்தது. சுங்கச் சாவடியில் அனந்தப்பர் குதிரைகளுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்திலும் ஒரு நிம்மதிதான். அவருக்கும் எதிர்க்கரையில் தங்கை இருந்தாள்.

ஓடக்காரன் தோணியை ஆழமுள்ள மடுவுக்குத் தள்ளிவிட்டு, "அண்ணாச்சி, முதல் சவாரி நீங்கதான்!" என்று குரல் கொடுத்தான்.

வைரவன் வெளுத்த வேட்டி கட்டி, நெற்றி நிறைய நீறு பூசி வந்தார். வந்தவர் தோணியில் ஏறாமல் கையைப் பிசைந்துகொண்டு குருவின் முன்னால் நின்றார்.

"இன்னும் என்ன அண்ணாச்சி?"

"கட்டுச்சோறு இல்லையே அம்மா. பரண்ல ஒரு மணி அரிசி கெடையாது. தெருவுல யாருகிட்டயும் கெடையாது. அடுத்த சந்தைக்கு இன்னும் நாள் கெடக்கு. அதுவரைக்கும் எனக்குப் பொறுக்காது. தலைப்பிள்ளைக்காரியை வெறுங்கையோட போயி எப்படிக் கூப்பிட? சம்பந்தி வீட்டுல கேப்பாங்களே, கட்டுச்சோறு எங்கன்னு. நான் என்னத்தைக் காட்ட?"

உலகம்மை எதிர்க்கரைக்குக் கை நீட்டினாள்.

"அங்க ஏதாவது புகை தெரியுதா, பாருங்க."

வைரவன் கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்தார். பார்த்து எத்தனையோ நாளாயிற்று. தென்னைகளுக்கு மேலே அங்கொன்றும் இங்கொன்றுமாக மெல்லிய கோடுகள்.

"தெரியுது அம்மா. உலை வைக்காங்க."

"உலைப் புகை மட்டுந்தானே?"

"ஆமா. உலைப் புகை மட்டுந்தான்."

"போயி அதைக் காட்டுங்க" என்றாள் உலகம்மை.